நாலாம் கட்டத்தில் என் வாசல்

எங்கள் வீட்டுக்குப் பின்னால் கிடக்கும் வெட்டை வெளியில் பல்கலைக்கழகத்தின் புது வளாகம் வரப்போகிறது என்ற கதையை முதலில் கொண்டுவந்தவள் மச்சாள்தான். நல்ல கதைதான். ஆனால் அவள் வாயால் கேட்டபடியால் எனக்குப் பாதிதான் நல்லதாக இருந்தது. மற்றப் பாதியை நானே நினைத்துக்கொண்டேன்: இதுவும் அவளுடைய ஒழுங்கைப் பக்கமாகத்தான் வரும்.

மச்சாள் என் அண்ணையின் மனைவி. என் தாய்மாமாவின் மகளும் அவள்தான். அவளுக்கு நானும் மச்சாள்தான். சரவணை ஊரில் எங்கள் இரண்டு வீட்டு வளவுகளும் அருகருகே இருக்கின்றன, நடுவில் ஒரு வேலி. பெரிய வீதியிலிருந்து வெட்டைக்குப் போக இரண்டு ஒடுங்கிய ஒழுங்கைகள் உண்டு. ஒன்று அவள் வாசற்படலையைத் தொட்டுக்கொண்டு போகிறது, மற்றது என் படலையை. அவளுடையது கொங்கிறீட் போட்டது. என்னுடையது மணல். மின்கம்பம் முதலில் அவள் பக்கம் நட்டார்கள். குழாய்த் தண்ணீரும் அவளுக்கு வந்து நெடுநாளைக்குப் பிறகுதான் எனக்கு வந்தது. இதில் கள்ளம் ஒன்றும் இல்லை. அரசாங்கக் கந்தோரிலிருந்து யார் வந்தாலும் அவள் படலையில் நின்று கதைப்பாள். நான் குசினிக்குள் அடுப்படிக்குப் போய்விடுவேன். கேட்கிறவளுக்குத்தானே கொடுப்பார்கள். அது தெரிந்தும் எனக்கு வயிறு எரியும். மாபிள் பதித்த அவளுடைய விறாந்தையைப் பார்த்தால் இன்னும் கூட எரியும். அது கட்டாரில் வெயிலில் நின்று உழைக்கிற என் அண்ணையின் காசு.

நான் இடியப்பம் அவிக்கிறவள். சாதாரண தரப் பரீட்சையோடு என் படிப்பு நின்றுவிட்டது. விடிய எழுந்து அவித்து, சம்பலும் சொதியும் வைத்து இவரிடம் கொடுத்துவிடுவேன். வெங்காயத் தோட்டத்துக்குப் போகிற வழியில் இவர் வேலணைச் சந்திக் கடையில் இறக்கிவிடுவார். அந்தக் கடைக்காரருக்கு என்னை வழியில் கண்டால் அடையாளம் தெரியாது. என் இடியப்பத்தைச் சாப்பிடுகிற ஒருவரையும் எனக்கும் தெரியாது.

வளாகக் கதை கேட்ட பிறகு எனக்கு ஒரு எண்ணம் வந்தது. வாசல் என் ஒழுங்கையால் வந்தால் மதிலில் ஒரு யன்னல் வைக்கலாம். காலையில் வகுப்புக்குப் போகிற பிள்ளைகள் அதில் வந்து வாங்குவார்கள். யன்னலுக்குப் பின்னால் நின்று விற்பதற்கு நிறையக் கதைக்கத் தேவையில்லை. "சம்பல் போடவோ?" என்று கேட்டால் போதும். அவ்வளவு என்னால் ஏலும். இதை நான் இவருக்குக்கூடச் சொல்லவில்லை. ஆனால் அந்த நாளிலிருந்து அந்த வாசல் எனக்கு வேண்டும் என்றாகிவிட்டது.

திட்டம் போட வந்தவர்களுக்குத் தலைமையாக இருந்தது ஒரு பெண்பிள்ளை. யாழ்ப்பாணத்திலிருந்து வருவாள். முப்பது வயது இருக்கும். தொப்பி போட்டு, சப்பாத்தெல்லாம் மண்ணாக, அளவுக்காரரோடு வெட்டை முழுவதும் நடந்தாள். கட்டடம் எங்கே வரும் என்று அவள் முதலில் கேட்கவில்லை. மாரியில் வெள்ளம் எதுவரைக்கும் நிற்கும், எந்தக் கிணறு கோடையில் உவர்க்கும், சோளகக் காற்று எந்தப் பக்கத்தால் மண்ணை அள்ளிக்கொண்டு வரும் என்றெல்லாம் கேட்டாள். மச்சாள் தேசிக்காய்த் தண்ணீர் கரைத்துக் கொடுத்து எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று தேங்காய் துருவிக்கொண்டு கேட்டேன். வெள்ளம் அவள் ஒழுங்கையில் முழங்கால்வரை நிற்கும். அதை மட்டும் அவள் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை கேட்டதை மட்டும் எழுதிக்கொண்டு போகிற ஆள் இல்லை. அடுத்த மாரியில் தானே வந்து தண்ணீருக்குள் இறங்கி நின்று பார்த்தாள்.

பிறகு சனசமூக நிலையத்துச் சுவரில் ஒரு பெரிய படம் தொங்கியது. இருபது வருடத்துக்கான பெருந்திட்டம் என்று தலைப்பு. எங்கள் வெட்டை அதில் எனக்கு அடையாளமே தெரியவில்லை. விரிவுரை மண்டபங்கள், கடல்படிப்புக்கான ஆய்வுகூடம், விடுதி எல்லாம் பெட்டி பெட்டியாக நின்றன. மழைத் தண்ணீரைத் தேக்கக் குளம் ஒன்று நீலத்தில் இருந்தது. காற்றைத் தடுக்கப் பனைகளை வெட்டாமல் அப்படியே ஒரு பட்டையாக விட்டிருந்தார்கள். நல்ல தண்ணீர்க் கிணறு உள்ள மேட்டில் ஒரு கட்டடமும் இல்லை. நான் சனம் இல்லாத மத்தியான நேரமாகப் பார்த்துப் போய் நின்றேன். ஒரு சிவப்பு அம்புக்குறி பெரிய வீதியிலிருந்து உள்ளே போனது. பிரதான வாசல். என் ஒழுங்கை.

திரும்பத் திரும்பப் பார்த்தேன். வளைவில் நிற்கிற பூவரசை வைத்து உறுதிப்படுத்திக்கொண்டேன். என் ஒழுங்கைதான்.

அன்று பின்னேரம் மச்சாள் வேலிக்கு மேலால் தலையை நீட்டினாள்.

"என்ன மச்சாள், ராசாத்திக்கு வாசல் திறக்கப் போகினமாம்?"

"எனக்குத் தெரியாது."

"உமக்குத் தெரியாதோ? மத்தியானம் வெயிலுக்கை படத்துக்கு முன்னாலை நிண்டது ஆர், உம்மடை ஆவியோ?"

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். அவளுடைய சிரிப்பு கண்வரைக்கும் போகவில்லை. அதைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை நான் மறைக்கப் போவதில்லை. அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முட்டை பொரித்தேன். "என்ன விசேஷம்?" என்று இவர் கேட்டார். "ஒண்டும் இல்லை" என்றேன்.

அந்தச் சந்தோஷம் வைகாசி வரைக்கும்தான்.

அந்தப் பூவரசுக்குக் கீழே எங்கள் வைரவர் இருக்கிறார். ஒரு கல்லும் ஒரு சூலமும்தான். என் அம்மா வழியில் வந்தவர். வெள்ளிக்கிழமைகளில் நான் விளக்கு வைப்பேன். செவ்வரத்தம் பூ வைப்பேன். ஒழுங்கை அகலிக்க அளவு பிடித்தபோது கயிறு நேரே வைரவரின் மேலால் போனது. அந்தப் பிள்ளை உடனே கயிற்றை நிறுத்தினாள். ஊர்ச்சனம் கொஞ்சப் பேர் கூடி நின்றார்கள்.

"இது ஆரின்ரை கோயில்?" என்று கேட்டாள்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எங்கடைதான் என்று நான் தலையை ஆட்டினேன்.

"அன்ரி, கும்பிடுற இடங்களிலை நாங்கள் கை வைக்கிறேல்லை. அது எங்கடை திட்டத்திலை முதல் விதி. இதை வேறை இடத்துக்கு எடுக்கலாமோ, கூடாதோ? உங்கடை ஆக்கள்தான் சொல்ல வேணும்."

எடுக்கலாம். அங்கே நின்ற ஒவ்வொருவருக்கும் அது தெரியும். அந்த வைரவர் அந்த இடத்தில் பிறந்தவரே இல்லை. இடம்பெயர்ந்து போய் நாங்கள் திரும்பி வந்த வருடம், பழைய இடத்தில் மிதிவெடி இருக்கலாம் என்று பயந்து, ஐயரைக் கூப்பிட்டுக் கும்பம் வைத்து அவரைப் பூவரசடிக்குக் கொண்டுவந்தோம். அன்று வடைமாலைக்கு உழுந்து அரைத்ததே மச்சாள்தான்.

ஆனால் எங்கள் ஊரில் ஒருவரும் சாமி காரியத்தில் "எடுக்கலாம்" என்று முதலில் சொல்லமாட்டார்கள். பிறகு யாருக்காவது காய்ச்சல் வந்தாலும், மாடு செத்தாலும், "அண்டைக்கு இவள் வாயாலைதானே சொன்னவள்" என்று கதை வரும். கூடாது என்று சொல்லலாம். அதற்கு ஒரு பழியும் இல்லை.

மச்சாள் முன்னால் வந்தாள்.

"ஐயோ பிள்ளை, இவர் பொல்லாத வைரவர். போன முறை கொப்பு ஒண்டு வெட்டினவன் கால் வீங்கி மூண்டு மாதம் பாயிலை கிடந்தவன். அசைக்கப்படாது."

கால் வீங்கியது உண்மை. அது கடலில் நண்டுமுள் குத்தி வீங்கிய கால். நின்றவர்களுக்கு அதுவும் தெரியும். ஒருவர் இருமினார். இன்னொருவர் வானத்தைப் பார்த்தார். என் வாய்க்குள் "அது பொய்" என்ற வார்த்தை வந்து நின்றது. எல்லாருக்கும் முன்னால், அளவுக்கார ஆம்பிளையளுக்கு முன்னால், என்னால் ஏலவில்லை.

"அப்ப வாசலை மற்ற ஒழுங்கையாலை யோசிப்பம்" என்றாள் அந்தப் பிள்ளை. "வெள்ளத்துக்கு மண் நிரப்பி உயர்த்த வேண்டிவரும். செய்யலாம்."

அவர்கள் போன பிறகு இவரோடு சண்டை பிடித்தேன்.

"நீங்களும் அங்கை நிண்டனீங்கள்தானே? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"அது உன்ரை தாய்வழி வைரவர். நான் வந்து சேர்ந்தவன். நான் என்னெண்டு சொல்லுறது?"

"அவள் சொன்னாள்தானே?"

"அவள் பொய் சொன்னாள். பொய்க்கு உரித்துத் தேவையில்லை."

அவர் சொன்னது சரிதான். ஆனால் சரியான கதை கேட்டு ஆறுகிற நிலையில் நான் இல்லை. புதுப் படம் வந்து தொங்கியபோது சிவப்பு அம்பு வேலிக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. நான் மா பிசைந்தபடி அவளுடைய குரலைக் கேட்பேன். தொலைபேசியில் அண்ணைக்குச் சொல்லிக்கொண்டிருப்பாள்: "ஓமப்பா, எங்கடை வாசலாலைதான். முன்னுக்குக் கடை ஒண்டு போடலாம்." அண்ணைக்கு நானும் கூடப்பிறந்தவள்தானே. அவர் ஒரு தடவையாவது "தங்கச்சி என்ன செய்யுறாள்?" என்று கேட்டிருப்பாரா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். மா இறுகிவிடும். அந்த நாட்களில் என் இடியப்பம் தடித்து வந்ததாகக் கடையிலிருந்து சொல்லியனுப்பினார்கள்.

அதுதான் என்னை எழுப்பியது. இவள் என் வாசலை எடுத்தது போதாதென்று என் கைப்பக்குவத்தையும் எடுக்கிறாள்.

ஐயரிடம் நானே போனேன். ஊர்காவற்துறைக்கு பஸ்ஸில் தனியாகப் போனது அதுதான் முதல் தடவை. "எடுக்கலாமோ?" என்று நான் கேட்கவில்லை. "நாள் பார்த்துத் தாங்கோ" என்று கேட்டேன். அவர் என்னை ஒருமுறை பார்த்தார். நாள் பார்த்துத் தந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கும்பம் வைத்து, மந்திரம் சொல்லி, சூலத்தையும் கல்லையும் எடுத்து, என் வளவுக்குள் வேம்புக்குக் கீழே வைத்தோம். நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஆனால் எண்ணெயில் வடை பொரிகிற மணத்தை யாரால் மறைக்க ஏலும்? மச்சாள் தானாகவே வந்தாள். தலைமுழுகி, திருநீறு பூசி, கையில் ஒரு சட்டியோடு வந்தாள். வைரவர் அவளுக்கும் உரித்தானவர். வராமல் விட்டாலும் ஊர் கதைக்கும். என் பக்கத்தில் குந்தி இருந்து வடையைக் கயிற்றில் கோர்க்கத் தொடங்கினாள்.

"அசைக்கப்படாத வைரவர் அசைஞ்சிட்டார் போலை" என்றேன். அவ்வளவு நாளில் நேரத்துக்கு என் வாயில் வந்த முதல் பதில் அது.

"உமக்கு அசைவார். உம்மடை பிடிவாதத்துக்குப் பயந்து எழும்பி வந்திருப்பார்."

"கால் வீங்காதோ?"

"வீங்கினால் நான் எண்ணெய் பூசிவிடுறன்." இன்னும் இரண்டு வடை கோர்த்தாள். பிறகு, "அந்த வாசல் உமக்கு என்னத்துக்கு மச்சாள்? நாலு பேர் வந்தால் நீர் குசினிக்கை ஓடிப்போவீர்" என்றாள்.

வடை ஒன்று என் கையில் இரண்டாக உடைந்தது. யன்னலைப் பற்றி அவளிடம் சொன்னால் அடுத்த நாளே அவளுடைய மதிலில் யன்னல் இருக்கும்.

அடுத்த மாதம் சனசமூக நிலையத்தில் கூட்டம் வைத்தார்கள். படத்தை முடிவாக்க முன் ஊர் தன் கருத்தைச் சொல்லலாம். கதிரைகள் நிறைந்துவிட்டன. மச்சாள் முன் வரிசையில், பட்டுப்போன்ற ஒரு சேலையில் இருந்தாள். நான் கதவுக்குப் பக்கத்தில் நின்றேன். ஆட்கள் விளையாட்டுத் திடலைப் பற்றி, மாடு போகிற பாதையைப் பற்றி, எங்கள் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்குமா என்பதைப் பற்றிக் கேட்டார்கள். "வேறை ஆராவது?" என்று அந்தப் பிள்ளை கேட்டாள்.

நான் கையை உயர்த்தவில்லை. உயர்த்தினால் எல்லாரும் திரும்பும்வரை காத்திருக்க வேண்டும், அதற்குள் தைரியம் போய்விடும். அப்படியே சொல்லிவிட்டேன்.

"வைரவரை எடுத்தாச்சு. வாசலை எங்கடை ஒழுங்கையாலை விடுங்கோ."

என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. சனம் முழுவதும் திரும்பியது. மச்சாளும் திரும்பினாள்.

அந்தப் பிள்ளை சிரித்தபடி படத்துக்குப் பக்கத்தில் போனாள். "அன்ரி, அது நல்லம். உங்கடை பக்கம் மேடு. எங்களுக்கும் அதுதான் விருப்பம். ஆனால் ஒண்டு சொல்ல வேணும். இது ஒரே நாளிலை வாறதில்லை." மூலையில் இருந்த சின்னச் சின்ன நிறப் பெட்டிகளைக் காட்டினாள். மஞ்சள் முதல் கட்டம், ஆய்வுகூடமும் இரண்டு வகுப்பறையும். செம்மஞ்சள் இரண்டாம் கட்டம், விடுதி. மூன்றாவது நூலகம். பிரதான வாசலும் அகலமான வீதியும் பச்சை. நாலாம் கட்டம்.

"அது எப்ப வரும்?" என்று யாரோ கேட்டார்கள்.

"எல்லாம் சரியா நடந்தால், பதினைஞ்சு வருசம் கழிச்சு."

பிறகு பின்னாலிருந்து ஒரு கிழவர், "அப்ப வாசல் திறக்க வைரவரும் நானும்தான் சேர்ந்து வருவம்" என்றார். சனம் சிரித்தது.

"அதுவரைக்கும் பிள்ளையள் எதாலை போறது?" மச்சாள் எழுந்து நின்று கேட்டாள்.

"தற்காலிகமா உங்கடை ஒழுங்கையாலை அக்கா. கொங்கிறீட் போட்டிருக்கு. லொறி போகலாம்."

அவள் திரும்பக் கதிரையில் இருந்தாள். சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அந்த முதுகில் இருந்த சந்தோஷத்தை இன்றைக்கும் கண்ணை மூடினால் பார்ப்பேன்.

"அன்ரி, எண்டாலும் வாசல் உங்கடை பக்கம் வேணுமோ?" என்று அந்தப் பிள்ளை கேட்டாள். நக்கலாக இல்லை. உண்மையாகத்தான் கேட்டாள்.

அந்த வாசல் வரும்போது எனக்கு எத்தனை வயதாகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். கை நடுங்காமல் மா பிழிய ஏலுமா என்றும் நினைத்தேன். வேண்டாம் என்று சொன்னால், பதினைந்து வருடத்துக்குப் பிறகும் அது மச்சாளுடையதாகவே இருக்கும்.

"வேணும்" என்றேன்.

அந்தப் பிள்ளை படத்தில் பென்சிலால் கோடு போட்டாள்.

போன வருடம் முதல் கட்டடம் எழும்பியது. லொறிகள் மச்சாளின் ஒழுங்கையால் போய்வந்தன. "ஒரே புழுதி மச்சாள், விறாந்தை துடைச்சே சாகப்போறன்" என்று அவள் வேலியால் முறையிடுவாள். அப்படி ஒரு பெருமையான முறைப்பாட்டை நான் கேட்டதில்லை. என் ஒழுங்கையில் ஆடு படுத்திருந்தது. படத்தில் அது நிரந்தரம். அவளுடையது தற்காலிகம். தற்காலிகத்தால் பிள்ளைகள் சைக்கிளில் மணியடித்துக்கொண்டு போனார்கள்.

அவள் தகரம் போட்டு ஒரு கடை வைத்தாள். வந்து கேட்டாள்: "உம்மடை இடியப்பத்தைத் தாருமன், காலமை விப்பம்." ஏலாது என்றேன். வேலணைக் கடைக்குக் கொடுக்கிறேன் என்றேன். அவள் வற்புறுத்தவில்லை. இரண்டு நாள் கழித்துப் பின் ஒழுங்கையில் இருக்கிற ஒருத்தியிடம் எடுத்துக் கடையில் வைத்தாள்.

நான் அதைப் பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனாலும் கறிவேப்பிலை ஒடிக்கப் போகிறமாதிரி வேலிக்குப் போனேன். ஒரு பெண்பிள்ளை, வெள்ளைச் சட்டை, தோளில் பை, சைக்கிளில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு சாப்பிட்டாள். இடியப்பம் தடிப்பு. சொதி தண்ணீர். பிள்ளை பசிக்காகச் சாப்பிட்டாள். பாதியை மடித்து நாய்க்குப் போட்டாள்.

என்னால் பொறுக்க முடியவில்லை. மச்சாள் காசு பார்ப்பதைப் பொறுத்துக்கொண்டேன், லொறியைப் பொறுத்துக்கொண்டேன், அவளுடைய புழுதியைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். இன்னொருத்தியின் இடியப்பம் அந்த வாசலில் நிற்பதைப் பொறுக்க முடியவில்லை. கறிவேப்பிலையை அங்கேயே போட்டுவிட்டு, சுற்றிக்கொண்டு அவள் கடைக்குப் போனேன். பிள்ளைகள் நாலைந்து பேர் நின்றார்கள். நான் நிற்கவில்லை, ஓடவும் இல்லை. தகரத்துக்குக் கீழே நேரே உள்ளே போனேன்.

"நாளைக்கு என்ரைதான் இஞ்சை விக்கிறது."

மச்சாள் சில்லறையை எண்ணுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "அப்ப வேலணைக் கடை?"

"அதுக்கும் அவிப்பன்."

"அப்ப மற்றவளுக்கு நான் என்னெண்டு சொல்லுறது?"

"அதை நீர் சொல்லும்" என்றேன். "உமக்குத்தானே கதைக்கத் தெரியும்."